வில்லைக் கொடுத்தவனுக்கு ஒரு கடிதம்

என் கடைக்கு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை யாரென்றே தெரியாத ஆட்கள் அனுப்புபவை. தொழிலே அதுதான். திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கொமியூனிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, பிரிண்ட், ஸ்கேன், லெமினேட், கேட்டால் ஒரு விண்ணப்பப் படிவமும் நிரப்பிக் கொடுப்பேன். கடை முகப்பில் கடைப் பெயரைவிடப் பெரிதாக மின்னஞ்சல் முகவரியை எழுதி வைத்திருக்கிறேன். "அண்ணா, அனுப்பியாச்சு, பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டே ஆட்கள் உள்ளே வருவார்கள். கட்டாரில் இருக்கும் மகனின் விசாக் கடிதம், கம்பஸ் பிள்ளையின் அசைன்மென்ட், யாரோ ஒருவரின் காணி உறுதி. எல்லாம் அறிமுகமில்லாத பெயர்களில், தலைப்பு ஒன்றும் இல்லாமல், ஒரு இணைப்பை மட்டும் சுமந்துகொண்டு வரும்.

குப்பை மின்னஞ்சலும் அச்சொட்டாக அப்படித்தான் வரும். "தெரியாதவர் அனுப்பினால் திறக்காதே" என்ற புத்திமதியை நான் கடைப்பிடித்தால் கடையைப் பூட்டிவிட்டு, இந்த ஊரில் திரியும் மான்களோடு வீதியில் நிற்க வேண்டியதுதான். (அந்த மான்களும் வாடிக்கையாளர்கள் மாதிரித்தான். வீணாய்ப்போன கொப்பித் தாள்களைத் தேடி வாசல்வரை வரும். கொடுக்காதீர்கள், வயிற்றுக்கு ஆகாது.)

இந்தக் கட்டாயத்தால்தான் ஒரு கடிதம் உண்மையில் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் பழகினேன். பார்க்கப் பழகியதும் முறைப்பாடு எழுதும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. இப்போது போனை நீட்டி, "இதை அனுப்பினவனைப் பிடிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரமில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிடிக்க ஏலாது. முதலில் அதை ஒத்துக்கொள்ளுங்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் அந்தப் பழமொழிக்கு எதிர்க்கட்சி. எய்தவன் எந்த நாட்டில் எந்தப் பெயரில் இருக்கிறான் என்பது உங்களுக்கோ எனக்கோ கிடைக்கப்போவதில்லை. ஆனால் அவனுக்கு வில்லைக் கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான். தெரிந்து வாடகைக்குக் கொடுத்திருப்பான், அல்லது தெரியாமல் பறிகொடுத்திருப்பான். அவனுக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, முறைப்பாட்டுக்கென்றே ஒரு அஞ்சல்பெட்டியும் உண்டு. நாம் எழுத வேண்டியது அவனுக்கு.

போன சீசனில் உப்புவெளியில் விடுதி நடத்தும் அக்கா ஒருவர் முகம் வெளிறிப்போய் வந்தார். "தம்பி, என்ர ஈமெயிலில இருந்தே எனக்கு வந்திருக்கு. பாஸ்வேர்டும் தெரியுமாம். பிட்கொயின் கட்டச் சொல்லுறான்." உங்கள் கமராவில் உங்களைப் படம் பிடித்துவிட்டேன், காசு தராவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன் என்ற அந்தப் பழைய மிரட்டல் கடிதம். அதில் இருந்த பாஸ்வேர்ட் அவர் எப்போதோ வேறொரு தளத்தில் பாவித்தது. அந்தத் தளத்தில் இருந்து கசிந்த பட்டியல் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயிருக்கும். அக்காவுக்கு அது பெரிய கவலை இல்லை. தன்னுடைய முகவரியில் இருந்தே தனக்குக் கடிதம் வந்ததுதான் அவரை உலுக்கிவிட்டது.

அனுப்புநர் என்று திரையில் தெரிகிற வரி, அனுப்புகிறவன் தன் கையால் தட்டுவது. எதை வேண்டுமானாலும் தட்டலாம். மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி விதிமுறையை ஜொன் போஸ்டல் 1982இல் எழுதியபோது, வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வுகூடத்தாரும்தான். பொய் சொல்வார்கள் என்று நினைத்து எழுதிய விதிமுறை அல்ல அது. பிறகு ஒட்டுப்போட வேண்டி வந்தது. இந்த டொமைன் பெயரில் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது) எந்தெந்த சேர்வர், அதாவது அஞ்சலைக் கையாளும் கணினி, கடிதம் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப், கடிதத்துக்கு மின் கையொப்பம் போடும் டிகிம், இவை இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க். அக்காவின் கடிதத்தைக் கடைக் கணினியில் திறந்து, ஜிமெயிலின் மூன்று புள்ளியை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தட்டினேன். மேலேயே எஸ்பிஎஃப் ஃபெயில், டிமார்க் ஃபெயில் என்று கிடந்தது. அவருடைய கணக்குக்குள் யாரும் நுழையவில்லை. அவருடைய பெயரைத் தட்டிவிட்டிருக்கிறான், அவ்வளவுதான். போனில் இருக்கும் ஜிமெயில் செயலியில் இந்த வசதி இல்லை, உலாவியில்தான் பார்க்க வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். 'பாஸ்' என்று இருந்தால் நல்ல கடிதம் என்று அர்த்தமில்லை. மோசடிக்காரன் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்தால் அவனுக்கும் மூன்றும் பாஸ்தான்.

பயம் தெளிந்ததும் அக்கா கேட்டார்: "அப்ப ஆர் அனுப்பினது?"

இதற்குத்தான் ஹெடரை, அதாவது 'ஷோ ஒரிஜினல்' காட்டும் கடிதத்தின் பயணக் குறிப்பை, படிக்க வேண்டும். கடிதத்தைக் கையேற்கும் ஒவ்வொரு சேர்வரும் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் ஒரு பதிவை உச்சியில் சேர்க்கும். ஆகவே மேலே இருப்பது கடைசியாக நடந்தது, கீழே இருப்பது முதலில் நடந்தது. இணையத்தில் பலர் சொல்லித் தருவது: நேரே அடிக்குப் போ, அங்கே இருக்கிற ஐபி எண் (இணையத்தில் ஒரு கணினியின் முகவரி எண்) தான் அனுப்பியவன். நேர்மையான கடிதத்துக்கு அது சரி. குப்பைக் கடிதத்தில் அடியில் இருக்கும் பதிவுகளை அனுப்புகிறவனே புனைந்து ஒட்டியிருக்கலாம். அதை நம்பி எழுதினால் எங்கோ இருக்கும் ஒரு அப்பாவிக் கொம்பனிக்குத்தான் முறைப்பாடு போகும்.

நான் மேலிருந்து இறங்குவேன். உச்சியில் இருப்பவை என்னுடைய மின்னஞ்சல் சேவையின் சேர்வர்கள் எழுதியவை. அவற்றை நம்பலாம். அவற்றில், வெளியாளிடம் இருந்து கடிதத்தை வாங்கிய இடம் ஒன்று இருக்கும். அந்தப் பதிவில் இரண்டு விஷயம் வரும். ஒன்று, எதிர்ப்பக்கம் தன்னை என்ன பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியது என்பது. அது பொய்யாக இருக்கலாம். மற்றது சதுர அடைப்புக்குள் ஒரு எண். 203.0.113.45 என்று வைத்துக்கொள்வோம். (உதாரணத்துக்கென்றே ஒதுக்கிய எண்களில் ஒன்று, யாருடையதும் அல்ல.) அந்த எண்ணை என் சேர்வர் தானே கண்டு எழுதியிருக்கிறது. இரு பக்கமும் மாறி மாறிப் பதில் சொல்லித்தான் இந்தத் தொடர்பு நடக்கும். பொய் எண்ணைக் கொடுத்தால் பதில் வேறெங்கோ போய்விடும், கடிதம் வந்து சேராது. ஆகவே அந்த எண்தான் நமக்குக் கிடைத்த ஒரே நிச்சயம். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் கதைதான்.

192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் எண்களை விட்டுவிடுங்கள். அவை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குபவை. ஒரு தம்பி மிகுந்த உற்சாகத்தோடு, "அண்ணா, ஹக்கரிட நம்பரைக் கண்டுபிடிச்சிட்டன்" என்று 192.168.1.1ஐ எழுதிக்கொண்டு வந்தான். அது அவன் வீட்டு ரவுட்டரிலும் இருக்கும், என் கடை ரவுட்டரிலும் இருக்கும்.

எண் கிடைத்ததும் அது யாருடையது என்று பார்க்க வேண்டும். ஐபி எண்களை உலகில் ஐந்து பதிவகங்கள் பங்கிட்டுக் கொடுக்கின்றன. நமது பக்கத்துக்குப் பொறுப்பானது பிரிஸ்பேனில் இருக்கும் ஏபிநிக். ஐரோப்பாவுக்கு ஆம்ஸ்டர்டாமில் ரைப். அவற்றின் தளத்தில் எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்பதும், 'அபியூஸ்' என்ற பெயரோடு ஒரு முறைப்பாட்டு முகவரியும் வரும். இந்தப் பெயரில் ஒரு அஞ்சல்பெட்டி இருக்க வேண்டும் என்ற வழக்கத்தை 1997லேயே எழுதி வைத்துவிட்டார்கள். வரைபடத்தில் புள்ளி வைத்து ஊரைக் காட்டும் தளங்களை நான் பார்ப்பதில்லை. அவை காட்டுவது அந்தக் கணினி இருக்கக்கூடிய இடத்தை, மனிதனை அல்ல. "ஐயோ, நைஜீரியாக்காரன்" என்று ஒரு நாட்டு மக்களையே ஏசிவிட்டுப் போகத்தான் அவை உதவும்.

அக்காவின் கடிதம் வந்த எண் யாரோ ஒருவரின் வீட்டு இணைய இணைப்புக்கு உரியது. யாரோ ஒருவரின் கணினியில் நச்சு நிரல் புகுந்து, அவருக்கே தெரியாமல் உலகுக்கெல்லாம் மிரட்டல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இன்னொரு முறை, கடை முகவரிக்கு 'பிரிண்ட் எடுக்கவும்' என்ற தோரணையில் போலி வங்கிப் பக்கம் ஒன்று இணைப்பாக வந்தது. தேடிப் போனால் தென்னமெரிக்காவில் ஒரு சின்னப் பல் வைத்தியசாலையின் இணையத்தளத்தில் போய் நின்றது. தளத்துக்குள் யாரோ புகுந்து அஞ்சல் அனுப்பும் நிரலை வைத்துவிட்டார்கள். நான் எழுதியது அந்தத் தளத்துக்குத் தன் கணினியில் வாடகைக்கு இடம் கொடுத்திருந்த ஹோஸ்டிங் கொம்பனிக்கு. நன்றி, சுத்தம் செய்துவிட்டோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பல் வைத்தியர் இன்னும் தன் தளம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பார். இதெல்லாம் தெரிந்த பிறகு அனுப்பியவனைத் திட்டி எழுதும் ஆசை எனக்கு விட்டுப்போயிற்று.

வில்லைப் பிடுங்கும் இந்த வழி புதிதல்ல. 1978 மே 3ஆம் திகதி, கேரி துயர்க் என்பவர் தன் கணினிக் கொம்பனியின் விளம்பரத்தை இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த சுமார் நானூறு பேருக்கு அனுப்பினார். முதலாவது குப்பை மின்னஞ்சல் என்று அதைத்தான் சொல்வார்கள். வலையமைப்பை நிர்வகித்தவர்கள் கண்டித்தார்கள், கொம்பனி அடங்கியது. 1994இல் அமெரிக்க வழக்கறிஞர் தம்பதி ஒன்று கிரீன் கார்ட் விளம்பரத்தை யூஸ்நெட் என்ற கலந்துரையாடல் வலையமைப்பின் ஆயிரக்கணக்கான குழுக்களில் கொட்டியது. அவர்கள் வெட்கப்படவே இல்லை. முறைப்பாடுகள் குவிந்து அவர்களுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் சேர்வரே திணறிப்போக, அது கணக்கை மூடியது. 2008 நவம்பரில் கலிபோர்னியாவில் மக்கோலோ என்ற ஹோஸ்டிங் கொம்பனிக்கு மேலே இருந்து இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அதைத் துண்டித்தார்கள். உலகத்தின் குப்பை மின்னஞ்சல் ஒரே நாளில் பாதிக்கு மேல் குறைந்தது. சில மாதங்களில் திரும்பவும் ஏறிவிட்டதென்பது வேறு கதை. ஆனால் அன்றைக்கு ஒரு மோசடிக்காரனையும் யாரும் கைது செய்யவில்லை, வயரைக் கழற்றினார்கள், அவ்வளவுதான்.

சரி, எதை யாருக்கு எழுதுவது? எல்லாக் குப்பைக்கும் ஒரே முகவரி இல்லை. வெறும் விளம்பரம் என்றால் அனுப்பிய எண்ணின் சொந்தக்காரருக்கு. கடவுச்சொல்லைத் திருடும் போலிப் பக்கம் (ஃபிஷிங்) என்றால் அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்குக்கும் அதன் டொமைனை விற்ற பதிவாளருக்கும். 2024 ஏப்ரலில் இருந்து டொட்கொம் போன்ற டொமைன்களின் பதிவாளர்கள், ஆதாரத்தோடு வரும் ஃபிஷிங், நச்சு நிரல் முறைப்பாடுகளுக்கு நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும் என்று, டொமைன் பெயர்களை மேற்பார்வை செய்யும் ஐகான் அமைப்பு ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறது. வெறும் விளம்பரக் குப்பை அதில் அடங்காது. எனவே அது ஃபிஷிங் என்றால் முதல் வரியிலேயே ஃபிஷிங் என்று எழுதுங்கள்.

பணம் பறிக்கும் கடிதங்கள் வேறு வகை. நிலாவெளி, உப்புவெளி விடுதிக்காரருக்கு மே தொடங்கி செப்டெம்பர்வரை இவை ஓயாது. எட்டுப் பேருக்குப் பத்து நாள் வேண்டும், கார்டில் கூடுதலாகக் காசு கட்டுகிறோம், மிச்சத்தை எங்கள் வாகன ஏற்பாட்டாளருக்கு அனுப்பிவிடுங்கள் என்பான். திருடிய கார்ட் பிறகு வங்கியால் மறுக்கப்படும், அனுப்பிய மிச்சம் விடுதிக்காரரின் சொந்தக் காசு. இப்போது இன்னொன்றும் வருகிறது. உங்கள் அறையில் எங்கள் பிள்ளைக்குக் காயம், படங்கள் இந்த இணைப்பில் என்று பதறவைத்து நச்சு நிரலைத் திறக்க வைப்பது. காசு கேட்கும் வகையில் அனுப்பிய சேர்வரைவிட முக்கியம், பதில் போய்ச்சேரும் முகவரி. ஹெடரில் 'ரிப்ளை டு' என்று இருக்கும், பெரும்பாலும் இலவச மின்னஞ்சல் கணக்கு. அந்தக் கணக்கை மூடினால், நம்பிப் பதில் எழுதிக்கொண்டிருக்கும் மற்றவர்களின் கயிறும் அறுந்துவிடும். ஜிமெயில் என்றால் கூகுளின் முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது. என்னைக் கேட்டால் முறைப்பாடு எழுதும் நேரத்துக்கு ஆகப் பலன் தருவது இதுதான்.

கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். தலைப்பிலேயே ஐபி எண்ணும் திகதியும் நேரமும். நேரத்தை ஹெடரில் இருப்பது போலவே, பின்னால் இருக்கும் -0700, +0530 போன்ற குறிகளோடு விடுங்கள். நம் நேரத்துக்கு மாற்றப் போனால் அங்கே இருக்கிறவர் தன் பதிவேட்டில் தேடி இல்லை என்று சொல்லிவிடுவார். ஹெடர் முழுவதையும் எழுத்தாகவே ஒட்டுங்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பாதீர்கள், 'ஃபோவர்ட்' மட்டும் செய்தால் ஹெடர் போகாது. உங்கள் ஆத்திரத்தை எழுத வேண்டாம். மறுமுனையில் இருக்கிறவர் அன்றைக்கு நூற்றுக்கணக்கில் ஆத்திரம் படித்திருப்பார்.

முக்கியமான இன்னொன்று, இதற்கு ஒரு தனி முகவரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹோஸ்டிங் கொம்பனி என் முறைப்பாட்டை என் பெயர், முகவரியோடு அப்படியே தன் வாடிக்கையாளனுக்கு, அதாவது குப்பை அனுப்பியவனுக்கே, தள்ளிவிட்டது. பிறகு அந்த முகவரிக்கு வந்ததைச் சொல்லி முடியாது. இந்தத் தொந்தரவு வேண்டாமென்றால் ஸ்பாம்கொப் இருக்கிறது. 1998இல் ஜூலியன் ஹெய்ட் தொடங்கியது, இப்போது சிஸ்கோவின் கையில். ஹெடரோடு கடிதத்தை ஒட்டினால் அதுவே படித்து, யாருக்கு எழுத வேண்டும் என்று கண்டுபிடித்து, உங்கள் முகவரியை மறைத்து அனுப்பும். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் பட்டியலைப் பாருங்கள். சில வேளை உங்கள் சொந்த இணையச் சேவையையே அதில் போட்டிருக்கும்.

நீங்களே விரும்பிப் பதிந்த கடையின் விளம்பரக் கடிதம் அலுத்துப்போனால் அதற்கு முறைப்பாடு எழுதாதீர்கள். அது அநியாயம். 'அன்சப்ஸ்கிரைப்' போதும். மொத்தமாக விளம்பரக் கடிதம் அனுப்புகிறவர்கள் ஒரே தட்டில் விலக வழி கொடுக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024இல் கட்டாயமாக்கிவிட்டன. ஸ்பாம் முறைப்பாடுகள் 0.3 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு, ஆகவே ஸ்பாம் பொத்தானுக்கும் மதிப்பு இருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாதவனின் கடிதத்தில் 'அன்சப்ஸ்கிரைப்' இருந்தால் தொடவே வேண்டாம். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். படங்கள் தானாகத் திறப்பதையும் நிறுத்தி வையுங்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படமும் அதே வேலையைச் செய்யும்.

காசு போய்விட்டால் ஹெடரோடு என்னிடம் வந்து நேரத்தை வீணாக்காதீர்கள். முதலில் வங்கிக்குப் போன் பண்ணுங்கள். பிறகு பொலிஸ். கணக்கு ஹக் ஆகியிருந்தால் இலங்கை சேர்ட் என்ற கணினி அவசர உதவி அமைப்பு, தொலைபேசி 101. மற்றக் குப்பைகளுக்கு, கடையில் கூட்டம் இல்லாத மத்தியானத்தில் வாருங்கள். பார்த்துச் சொல்வதற்கும் முறைப்பாடு எழுதிக் கொடுப்பதற்கும் காசு வாங்குவதில்லை. பொலிஸில் காட்ட ஹெடரைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுகிறார்கள். அது நாலு பக்கம் ஓடும், அதற்கு மட்டும் வழக்கமான விலை.